ஓட்டக்காரி உட்கார்ந்த எட்டு வாரம்



ஊர்ல என்னை ஓட்டக்காரின்னு கூப்பிடுறதால ஓடுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஓடாம உட்கார்ந்திருந்த எட்டு வாரத்தைப் பத்திப் பேசுறேன்.

பள்ளிக்கூடத்தில் 1500 மீட்டர் ஓடுவேன். பத்தாவதோட படிப்பும் ஓட்டமும் நின்னு போச்சு. சின்னவன் பள்ளிக்கூடம் போன பிறகு விடியக்காலையில் ஏரிக்கரையில் மறுபடி ஆரம்பிச்சேன். தினம் 3 கிலோமீட்டர். போன வருஷம் டவுன்ல 10 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம்னு நோட்டீஸ் பார்த்ததும் ஆசை வந்துடுச்சு. ஒரே வாரத்தில் மூணை எட்டாக்கினேன். அதுவும் தார் ரோட்டில், அடி தேஞ்ச ஷூவோட.

முதல்ல ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், கொஞ்ச தூரத்தில் மறந்துடும். அப்புறம் ஓடி முடிக்கிற வரைக்கும் வலித்தது. கடைசியில் ராத்திரி படுத்தாலும் வலி. சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவிக்கிட்டே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு விரலால் அழுத்தினாங்க. அந்த ஒரே இடத்தில் உயிர் போச்சு. எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல்னு சொன்னாங்க. எக்ஸ்ரேயில் ஒண்ணுமே இல்லை, ஆரம்பத்தில் தெரியாதாம். ஓடும்போது எலும்பு நோகும், ஓய்வில்தான் அது தன்னைக் கட்டிக்கும், அதுக்கு நேரம் கொடுக்கலைன்னா விரிசல் விடும்னாங்க. "சாப்பாடு எப்படி? மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"ன்னும் கேட்டாங்க. காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு முழிச்சேன். வயித்துக்குப் பத்தாம ஓடினா மாதவிலக்கும் தவறும், எலும்பும் பலம் இழக்குமாம். எல்லாரும் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடுறவ நான். பதில் சொல்ல வாய் வரலை.

ஆறு வாரம் ஓடக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. சொல்றது சுலபம். நம்ம வீட்ல பொம்பளை சும்மா உட்கார முடியுமா? "ஓடிக் காலைக் கெடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கா"ன்னு அத்தை வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்க. நூறு நாள் வேலைக்கும் போகலை. உள்கடன் தவணையை எப்படிக் கட்டுறதுன்னு தூக்கம் வரலை. என் குழுவில் பேசி, ரெண்டு மாசம் தள்ளி வச்சுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினாங்க. வீட்டுக்காரர் சைக்கிளில் ரெண்டு குடம் கட்டித் தண்ணி கொண்டு வந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது.

ரெண்டு வாரத்தில் வலி போயிடுச்சு. யாருக்கும் சொல்லாம இருட்டோட எழுந்து ஓடினேன். மதகு வரைக்கும்கூடப் போகலை, நொண்டிக்கிட்டே திரும்பினேன். டாக்டரம்மா திட்டலை. "இன்னையிலேர்ந்து மறுபடி ஒண்ணாம் நாள்"னாங்க. அன்னைக்குத்தான் அழுதேன். பந்தயமும் போச்சு.

அப்புறம் நிஜமாவே உட்கார்ந்தேன். மத்தியானம் எல்லாரோடவும் சேர்ந்து சாப்பிட்டேன். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டைன்னு வயிறாரச் சாப்பிட்டேன். நாள் முடிஞ்சதும் முதல்ல நடை மட்டும். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, அதுவும் கரை மண்ணில். வலிச்சா அன்னைக்கு அதோட நிறுத்திடுவேன். பழைய 3 கிலோமீட்டருக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு.

இப்ப புதனும் ஞாயிறும் ஓடுறதில்லை. அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி, இன்னைக்கு ஓடலையா?"ன்னு கேட்பாங்க. "இன்னைக்குக் காலுக்கு லீவு அத்தை"ன்னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்துக்குவேன்.