நெட் பெட்டியின் சாவியும் நம்ம கையில் இருக்கட்டும்



நம்ம கூட்டமைப்பு அலுவலகத்துச் சுவரில் மாட்டியிருக்கும் நெட் பெட்டி, அதாவது ரவுட்டர் பற்றி என்னைப் பேசச் சொன்னாங்க. போன வருஷம் கடன் விண்ணப்பம் ஏற்ற வேண்டிய நாளில் நெட் இல்லை. ஆள் வர ரெண்டு நாள் ஆச்சு. வந்தவர் கழண்டு கிடந்த வயரைச் சொருகிட்டு 300 ரூபாய் வாங்கிட்டுப் போனார். அதனால் ஒரு குழுவோட கடன் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போச்சு. அந்த வயரை நாமளே சொருகலாம் இல்லையா?

பெட்டிக்கு மூணு வயர்தான். ஒண்ணு கரண்டு வயர். பெட்டியோட வந்த அடாப்டரைத்தான் போடணும். ரெண்டாவது, வெளியே இருந்து வரும் மெல்லிசான பைபர் வயர். அதுக்குள்ளே கண்ணாடி இழை இருக்கு. ஒளிதான் சேதியைக் கொண்டு வருது. அதை வளையல் அளவுக்கும் சின்னதாச் சுருட்டக் கூடாது. முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது. மூணாவது, லேன் வயர். பெட்டியில் ‘லேன்’ என்று போட்ட ஓட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும். உள்ளே எட்டுக் கம்பி, நாலு ஜோடியாகப் பின்னியிருக்கும். ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தணும்.

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே இருந்து வரும் லைனில்தான் கோளாறு. அப்போ கம்பெனிக்குப் போன் போடுங்க. சிவப்பு இல்லாமலும் நெட் வரலைன்னா, முதலில் வயர்களைச் சரி பாருங்க.

அடுத்தது முக்கியமானது. லேன் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகி, பிரவுசரில் 192.168.1.1 என்று அடிச்சால் பெட்டியோட சொந்தப் பக்கம் திறக்கும். சில பெட்டிக்கு எண் வேறாக இருக்கும். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்க. வெளி நெட் இல்லாத நேரத்திலும் இது திறக்கும். ஏன்னா இது கம்ப்யூட்டரும் பெட்டியும் மட்டும் பேசிக்கிற பேச்சு.

அந்த ஸ்டிக்கரிலேயே பெட்டிக்குள் நுழையும் பேரும் பாஸ்வேர்டும் அச்சடிச்சிருக்கும். அலுவலகத்துக்கு வர்ற யாரும் அதைப் படிக்கலாம். அதை மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டு தனி, அதையும் மாத்துங்க. வயரில் இருந்துகொண்டு மாத்தினால் பாதியில் இணைப்பு அறுந்து போகாது. ஆனால் ஊசி நுழையும் ரீசெட் ஓட்டையை மட்டும் யாரும் குத்தாதீங்க. உள்ளே இருக்கும் அமைப்பு எல்லாம் அழிஞ்சுடும். திரும்பக் கம்பெனி ஆள்தான் வரணும்.

குழுப் பணத்தை ஒருத்தர் கையெழுத்தில் எடுக்க முடியாதபடிதானே வைத்திருக்கோம்? நம்ம சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு எல்லாம் இன்னைக்கு இந்தப் பெட்டி வழியாத்தான் போகுது. இதோட பாஸ்வேர்டு யாரோ ஒரு வெளியாள் கிட்ட மட்டும் இருக்கலாமா? புதுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பூட்டி வைப்போம். ரெண்டு பொறுப்பாளருக்காவது தெரிந்திருக்கட்டும். பொறுப்பு மாறும்போது தீர்மான நோட்டு, சாவியோட சேர்த்து இதையும் ஒப்படைப்போம்.

பத்தாவது படிச்ச எனக்குப் புரிஞ்சது உங்க எல்லாருக்கும் புரியும். அடுத்த கூட்டத்தில் குழுவுக்கு ஒருத்தர் வந்து, ஒரு தடவை கையால் சொருகிப் பாருங்க.