தூரத்துச் சண்டையும் நம்ம வீட்டுத் தவணையும்

போர் வந்தால் தொழிலும் தொழிலாளியும் என்ன ஆகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். காட்டிலும் அடுப்படியிலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு புகுந்தது. டிவியில் பார்த்துப் பாவம் என்றோம். கொஞ்ச நாளிலேயே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிப்போச்சு. நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அப்புறம் உரம். உருளைக்கிழங்குக்குப் பொட்டாஷ் இல்லாமல் முடியாது. அது முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. டிஏபி மூட்டை மட்டும் 1,350 ரூபாயிலேயே நின்றதே என்பீர்கள். சும்மா நிற்கவில்லை. மூட்டைக்கு 1,650 ரூபாயாக இருந்த மானியத்தை மத்திய அரசு 2,501 ஆக்கியது. அதுவும் நம் வரிப்பணம்தானே!

ஆனா எனக்குப் பெரிசாகத் தெரிவது திருப்பூர்தான். ஐரோப்பாவில் கேஸ், கரண்ட் பில் எகிறியதும் அங்குள்ளவர்கள் துணி வாங்குவதைக் குறைத்தார்கள். 2022-23-ல் சுமார் 34 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த திருப்பூர் ஏற்றுமதி, அடுத்த வருசம் சுமார் 30 ஆயிரம் கோடிக்கு இறங்கியது.

என் நாத்தனார் மகள் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு, "வாரம் நாலு நாள் வந்தா போதும்மா" என்றார்கள். வேலை போச்சு என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் அவள் வரமாட்டாள். ரூம் வாடகை மட்டும் குறையவில்லை. அவள் அனுப்பும் பணத்தில்தான் நாத்தனார் குழுக்கடன் கட்டுவார். மூணு மாசம் மற்ற பெண்கள்தான் கைக்காசு போட்டுத் தவணையைச் சமாளித்தார்கள்.

போரால் வளரும் தொழிலும் உண்டு. நீலகிரி அருவங்காட்டு வெடிமருந்து ஆலை மாதிரி இடங்களுக்குப் போர்க்காலத்தில் வேலை கூடும். அதற்காகப் பனியன் தைத்த பிள்ளை மறுநாளே அங்கே போய் நிற்க முடியுமா?

நான் கேட்பது ஒன்றுதான். குழுக்கடன் மனுவில், கடனை அடைக்கப்போகும் சம்பளம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தத் தொழிலில் ஷிப்ட் குறைந்தால், கூட்டமைப்பு நிதியிலிருந்து மூணு மாசத் தவணையை வட்டியில்லாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட வருபவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பாருங்கள்.