திறந்த போட்டியும் திறவாத கதவும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் குடாநாட்டு மக்களுக்குச் சற்றே அந்நியமானது. கோல்ப் என்னும் ஆட்டத்தையும், அவ்வாட்டத்திலே 1964ஆம் ஆண்டு தோன்றிய இந்தியத் திறந்த போட்டியையும் பற்றியது அது. “பனையும் கிணறும் உள்ள நம் நாட்டுக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. பதினெட்டுக் குழிகள் கொண்ட ஓர் ஆடுகளத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். நம் கணக்கிலே ஆயிரத்து அறுநூறு பரப்புக்கும் அதிகம். அந்நிலம் முழுவதும் ஆண்டெல்லாம் பசும்புல் தரித்திருத்தல் வேண்டும். வற்றாத நதி ஒன்றேனும் இல்லாத நம் சுண்ணக்கல் பூமியிலே, கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கும் நாம், புல்லுக்கு நீர் இறைக்கும் ஆட்டத்தைத் தேடாததில் வியப்பில்லை. ஆயினும் இந்தப் போட்டியின் வரலாற்றிலே நமக்கு மிக நெருக்கமான ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. அதனை முன்னிட்டே இந்தப் பேச்சு.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் சிறுவர்கள் கிட்டியடித்து விளையாடுவதைக் கண்டிருக்கிறீர்கள். பொல்லினால் ஒரு சிறு பொருளைத் தொலைவுக்கு அடிப்பதே அதன் இன்பம். கோல்ப் ஆட்டத்திலும் அதுவே அடிப்படை. சிறிய பந்தொன்றைக் கோலினால் அடித்து அடித்துச் சென்று, தொலைவிலுள்ள குழியிலே வீழ்த்த வேண்டும். எவர் மிகக் குறைந்த அடிகளிலே முடிக்கின்றாரோ அவரே வென்றவர். பெரும் போட்டிகளில் நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழியாக நான்கு நாட்கள், மொத்தம் எழுபத்திரண்டு குழிகள் ஆடுவர். இந்த ஆட்டத்தைப் பேணி வளர்த்த ஸ்கொட்லாந்து நாட்டிலே, அம்பெய்யும் பயிற்சிக்கு இடையூறாகிறது என்று 1457ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. தடையை மீறி வாழ்ந்த ஆட்டம் இது.

இனி, ‘திறந்த போட்டி’ என்ற பெயரைக் கவனிப்போம். யாருக்குத் திறந்தது? இதற்கு விடை காண நாம் 1860ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு ஸ்கொட்லாந்திலுள்ள பிறெஸ்ற்விக் என்னுமிடத்தில் எட்டுப் பேர் கூடி ஆடினர். அவர்கள் எல்லோரும் தொழில்முறை ஆட்டக்காரர். அந்நாளிலே தொழில்முறை ஆட்டக்காரர் என்றால், செல்வரின் கோற்பையைச் சுமந்தும், கோலும் பந்தும் செய்து விற்றும், ஆடுகளத்தைப் பராமரித்தும் வயிறு வளர்த்தவர் என்பது பொருள். வில்லி பார்க் என்பவர் வென்றார். சிவப்புத் தோலினால் ஆன ஓர் அரைக்கச்சை அவருக்குப் பரிசாயிற்று. மறு ஆண்டு, ஊதியம் பெறாது ஆடும் கனவான்களும் இதிற் கலந்துகொள்ளலாம் என அறிவித்தார்கள். அங்ஙனம் இரு சாராருக்கும் பொதுவானமையால் அது ‘திறந்த’ போட்டி ஆயிற்று.

ஆடுகளம் திறந்தது, ஆனால் கழக மண்டபத்தின் கதவு திறக்கவில்லை. ஊதியத்துக்கு ஆடுகின்றவன் வேலையாள். வேலையாள் தலைவாயிலால் நுழையலாகாது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1920ஆம் ஆண்டு இங்கிலாந்திலே டீல் என்னுமிடத்தில் நடந்த போட்டிக்கு அமெரிக்காவின் வோல்ற்றர் ஹேகன் வந்தார். தொழில்முறை ஆட்டக்காரருக்கு மண்டபத்தில் இடமில்லை என்று அறிந்ததும், அவர் ஒரு மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்தி, அதனையே தம் உடை மாற்றும் அறையாகக் கொண்டார். அதே ஆண்டிலே அமெரிக்காவில் ரொலிடோ நகரத்து இன்வர்னஸ் கழகம் தன் மண்டபத்தைத் தொழில்முறை ஆட்டக்காரர் அனைவருக்கும் திறந்துவிட்டது. நன்றி மறவாத அவ்வாட்டக்காரர்கள் அக்கழகத்துக்குப் பெரிய கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தனர்.

இது கோல்ப் ஆட்டத்துக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டா. நம்மவர் உயிரினும் மேலாகப் போற்றும் துடுப்பாட்டத்திலும் இந்த வேற்றுமை இருந்தது. இங்கிலாந்திலே ‘கனவான்கள்’ ஓர் அணியாகவும், ஊதியம் பெறும் ‘ஆட்டக்காரர்’ மற்றோர் அணியாகவும் 1806ஆம் ஆண்டு முதல் மோதி வந்தனர். ஓட்டப் பட்டியலிற் பெயர் எழுதும்போது, கனவானுக்கு முதலெழுத்துக்கள் பெயருக்கு முன்னும், ஊதியக்காரனுக்குப் பெயருக்குப் பின்னும் இடப்பட்டன. பெயரெழுதுவதிலும் பேதம்! 1962ஆம் ஆண்டின் பின்னரே இந்தப் பிரிவினை ஒழிந்தது.

பணத்துக்காக ஆடுகின்றவனிடம் நேர்மை குன்றும் என்பதே பிரிவினையை ஆதரித்தோர் சொன்ன நியாயம். கோல்ப் ஆட்டமே இதற்கு மறுமொழி சொல்கிறது. இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொல்லும் நடுவர் இல்லை. ஆடுகின்றவனே தன் தவறைத் தான் சொல்லித் தன் கணக்குச் சீட்டிலே கையொப்பமிட வேண்டும். 1925ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியிலே, ஊதியம் பெறா ஆட்டக்காரரான பொபி ஜோன்ஸ், பிறர் காணாத ஒரு தவறைத் தாமே அறிவித்து ஓர் அடியைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். முடிவிலே சமநிலை, மீள ஆடிய ஆட்டத்திலே தோல்வி. அந்த ஓர் அடியை மறைத்திருந்தால் கிண்ணம் அவருடையது. அந்த உத்தமரைப் போற்றுவோம். ஆனால் அவர் கையொப்பமிட்ட அதே விதியின் கீழேதான், கூலிக்குப் பை சுமந்து வளர்ந்தவனும் கையொப்பமிடுகிறான் என்பதை மறந்துவிடலாகாது. நேர்மை எந்த வகுப்புக்கும் சீதனமாக வந்த சொத்தன்று.

இப்பொழுது இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவிலே 1829ஆம் ஆண்டிலேயே கோல்ப் கழகம் அமைந்துவிட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையான கழகம் அதுவே. நம் இலங்கையிலும் 1879ஆம் ஆண்டு கொழும்பிலும், 1889ஆம் ஆண்டு நுவரெலியாவிலும் கழகங்கள் தோன்றின. கொழும்புக் கழகத்தின் களத்தை ஊடறுத்துக் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் செல்வதையும், வண்டி கடக்கும் வரை ஆட்டக்காரர் காத்து நிற்பதையும் பயணிகள் அறிவர். ஆனால் நூற்றாண்டுக்கு மேலாக இக்களங்களிலே நம் நாட்டவரிற் பலருக்குக் கிடைத்த வேலை, பிறருடைய கோற்பையைச் சுமப்பதே.

1950களின் இறுதியிலே ஆசியாவில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. 1959இல் ஹொங்கொங், 1961இல் சிங்கப்பூர், 1962இல் மலாயா என அடுத்தடுத்துத் திறந்த போட்டிகள் தோன்றின. இம்முயற்சிகளுக்கு உறுதுணையாய் நின்றவர்களுள் முதன்மையானவர் அவுஸ்திரேலியாவின் பீற்றர் தொம்சன். பிரித்தானியத் திறந்த போட்டியை 1954, 1955, 1956 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்தும், பின்னர் 1958, 1965 ஆகிய ஆண்டுகளிலும் வென்ற மாபெரும் வீரர். அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே போய்வரும் வழியில் இந்தியாவிலே தங்கிச் சென்ற அவர், இங்கும் ஒரு திறந்த போட்டி வேண்டும் என்று தூண்டினார். 1964ஆம் ஆண்டு, பழைய கல்லறை மண்டபங்கள் இடையிடையே நிற்கும் டில்லி கோல்ப் களத்திலே முதற் போட்டி நடந்தது. தொம்சனே வென்றார். பின்னரும் 1966, 1976 ஆகிய ஆண்டுகளில் அவர் வெற்றி பெற்றார்.

இரண்டாம் ஆண்டாகிய 1965இல் கல்கத்தாவிலே ஒரு புதுமை நிகழ்ந்தது. வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்களையெல்லாம் பின்தள்ளி, பிரேம் கோபால் சேத்தி என்னும் இந்தியர் வென்றார். அவர் ஊதியம் பெறா ஆட்டக்காரர். இப்போட்டியின் வரலாற்றிலே அத்தகைய ஆட்டக்காரர் ஒருவர் பெற்ற வெற்றி அஃதொன்றே. இந்தியருக்கு அது பெருமிதமான நாள்.

அதன் பின்? ஆண்டுகள் உருண்டன. யப்பான், தாய்வான், பிலிப்பைன்ஸ், அமெரிக்கா எனப் பல நாட்டு வீரர்கள் கிண்ணத்தை எடுத்துச் சென்றனர். இருபத்தாறு ஆண்டுகள் இந்தியர் எவரும் வெல்லவில்லை. காரணம் என்ன? திறமை இல்லாமையா? அன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் களம் இருந்தது. ஆனால் ஆட்டத்தை வாழ்வாக்கும் தேவை இருக்கவில்லை. பை சுமந்தவனுக்குத் தேவை இருந்தது; ஆனால் களம் அவனுக்கு உரியதாக இருக்கவில்லை.

1991ஆம் ஆண்டிலே அந்தப் பூட்டு உடைந்தது. டில்லியில் நடந்த போட்டியில் அலி ஷேர் வென்றார். அவர் அதே டில்லிக் களத்திலே பிறருடைய கோற்பையைச் சுமந்து வளர்ந்தவர். எந்தப் புற்றரையிலே பிறருக்குப் பின்னால் நடந்தாரோ, அந்தப் புற்றரையிலே வெற்றி வீரராய் நின்றார். 1993இல் மீண்டும் வென்றார். 1961ஆம் ஆண்டு சேத்திக்குக் கிடைத்த அருச்சுனா விருது 1991ஆம் ஆண்டு அலி ஷேருக்கும் கிடைத்தது. கனவானும் பை சுமந்தவரும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில் இடம்பெற்றார்கள்.

அதன் பின் இந்தியர் வெற்றிகள் அரிதாக இருக்கவில்லை. 1998இல் பிரோஸ் அலி, 1999இல் அர்ஜுன் அட்வால், 2000, 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் ஜோதி ரந்தாவா என வெற்றியாளர் தோன்றினர். இவர்களுள்ளும் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர் சிவசங்கர் பிரசாத் சௌரசியா. கல்கத்தாக் கழகத்திலே புல் பராமரிக்கும் தொழிலாளியின் மகன். கற்பிக்க எவரும் இன்றி, பிறர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே பயின்றவர். 2015ஆம் ஆண்டு சமநிலைக்குப் பின் நடந்த ஆட்டத்தில் அனிர்பான் லாகிரியிடம் கிண்ணத்தை இழந்தார். மனந் தளரவில்லை. 2016இலும் 2017இலும் அடுத்தடுத்து வென்றார்.

நேயர்களே, இக்கதைகளைக் கேட்டு, “பை சுமந்தாலும் முன்னேறலாம்” என்று எளிதாகத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பெயர் பெற்ற ஓர் அலி ஷேருக்குப் பின்னால், பெயர் அறியப்படாத எத்தனையோ பேர் பையைச் சுமந்தே முதுமையடைந்தனர். பள்ளியில் இருக்க வேண்டிய வயதிலே வெயிலில் நடந்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. பிள்ளைக்கு உரிய இடம் முதலிற் பள்ளிக்கூடமே. அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்கு எழுத்தை மட்டும் அன்றி, மைதானத்தையும் தர வேண்டும். எனது வாதம் இதுவே.

நம் சமுதாயம் கல்வியைத் தெய்வமாகப் போற்றுவது. அது நமது பெருமை. ஆயினும் விளையாட்டை நேரத்தைக் கெடுப்பதென்றும், விளையாடிப் பிழைப்பதை இழிவென்றும் எண்ணும் பழக்கம் இன்னும் நம்மிடம் உண்டு. காலம் இதற்கும் விடை சொல்லி வருகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் போட்டியிலும், 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியிலும் தொழில்முறைப் பந்துவீச்சாளராய் ஆடினார். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலிலே இலங்கைச் சாதனையைப் பலமுறை புதுப்பித்தார். இவர்களைக் கண்டு கைதட்டுகிறோம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை மாலையிலே மைதானத்துக்குச் செல்லக் கேட்டால், தனியார் வகுப்பைக் காட்டி மறுக்கிறோம். கைதட்டுவதற்கு ஒரு மனம், பிள்ளையை அனுப்புவதற்கு வேறொரு மனமா?

போட்டிக்குத் ‘திறந்தது’ என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. விதியிலே திறந்த கதவு வாழ்விலும் திறக்க வேண்டுமாயின், நிலம் வேண்டும், கருவி வேண்டும், ஓய்வு வேண்டும், வயிற்றுக்கு உணவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக “நீயும் உள்ளே வா” என்று அழைக்கும் மனம் வேண்டும். இந்தியத் திறந்த போட்டி 1964ஆம் ஆண்டிலே தொடங்கியது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதனை வென்று திறந்தது 1991ஆம் ஆண்டிலே. இருபத்தேழு ஆண்டுகள்! நம் ஊர்ப் பாடசாலை மைதானங்களின் கதவைத் திறப்பதற்கு நாம் அத்துணைக் காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்குப் பூட்டைத் திறந்துவிடும் ஓர் அதிபரும், பிள்ளையை அனுப்பி வைக்கும் ஒரு தாயும் போதும்.