கருவியின் பின்புறம்



எந்தக் கருவியைக் கண்டாலும் அதன் முகப்பைப் பார்ப்பதே நம் வழக்கம். ஒலிப்பதிவுக் கூடங்களில் 'டிஜிட்டல் ஒலிமாற்றி' என்றொரு பெட்டி உண்டு. அதன் முகப்பில் சில விளக்குகளும் குமிழ்களும் தவிர வேறு சிறப்பு இல்லை. பின்புறத்திலோ வட்டமாகவும் சதுரமாகவும் பலவகைத் துளைகள் காணப்படும். உள்ளே எண்களாக மாறிய ஒலி வெளியே புறப்படும் வாயில்கள் அவை. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒலி எண்ணாவது எங்ஙனம்? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை இம்மாற்றி ஒரு வினாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறிக்கிறது. இவ்வழியை 1937-இல் பாரிஸில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் கண்டறிந்தார். வால்வுகளின் காலமாகையால் அன்று அதை மலிவாகச் செய்து காட்ட இயலவில்லை. டிரான்ஸிஸ்டர் பிறந்த பின்னரே அது பரவலாக நடைமுறைக்கு வந்தது.

எண்ணாக மாற்றியதோடு வேலை முடிந்ததா? இல்லை. அவ்வெண்கள் அடுத்த கருவிக்குச் சென்றாக வேண்டும். ஒலிப்பொறியியல் சங்கமும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் சேர்ந்து இதற்கு ஒரு விதிமுறை வகுத்தன. 1985-இல் வெளியான அதற்கு ஏ.இ.எஸ். 3 என்று பெயர். மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். என்னும் வட்டமான இணைப்பு அதற்கு உரியது. ஒவ்வோர் அளவுக்கும் 32 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. இதைப் 'பிட்' என்பர். 24 பிட்டுகள் வரை ஒலிக்கு; 4 தொடக்க அடையாளத்திற்கு; மீதி 4 சில்லறைச் செய்திகளுக்கு. இடம், வலம் என இரண்டு தடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வினாடிக்கு 30,72,000 பிட்டுகள் அந்தக் கம்பியில் ஓடுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நாம் எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். கம்பியில் இடைவெளி ஏது? ஒரு பிட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெறுகின்ற கருவி எப்படி அறியும்? காலத்தைக் காட்ட இன்னொரு கம்பி போட்டிருக்கலாம். விதி வகுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. காலத்தையும் எண்ணோடு கலந்தே அனுப்பினார்கள். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் கட்டாயம் திசை மாறும். பிட் 1 ஆயின் நடுவிலும் ஒரு முறை மாறும். 0 ஆயின் நடுவில் மாறாது. ஆகவே அம்மாற்றங்களைக் கவனித்தாலே கடிகாரத்தின் துடிப்பு கிடைத்துவிடும். மாற்றம் உண்டா இல்லையா என்பதே கணக்காகையால், இரண்டு கம்பிகள் தம்முள் இடம் மாறிப்போனாலும் பழுதில்லை. தொடக்க அடையாளம் மட்டும் இவ்விதியை வேண்டுமென்றே மீறுகிறது. வேறு எந்த எண்ணும் மீறாது என்பதால் அம்மீறலே அடையாளமாகிறது! இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

வீட்டுச் சாதனங்களில் இதன் தம்பி போன்ற ஒன்று உண்டு. ஸோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் பெயரால் எஸ்/பி.டி.ஐ.எப். என வழங்குவது. எண்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் ஏ.இ.எஸ். 3 இரண்டு முதல் ஏழு வோல்ட் வரை அனுப்ப, இது அரை வோல்ட்டோடு நிற்கிறது. அதன் கம்பி 110 ஓம். இதன் கம்பி 75 ஓம். பல தொலைக்காட்சிப் பெட்டிகளின் பின்னால் சிவந்த ஒளி கசியும் சதுரத் துளையைப் பார்த்திருப்பீர்கள். 1983-இல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த டாஸ்லிங்க் அது. அதில் மின்சாரத்திற்குப் பதிலாக ஒளியே எண்களைச் சுமக்கிறது. ஆனால் மாற்றியின் பின்புறத்தில் அதே துளையைக் கண்டால் ஏமாறக் கூடாது. அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் முறையும் அத்துளையையே பயன்படுத்துகிறது. முன்னது 2 தடங்கள் கொண்டது. பின்னது 8 தடங்கள் கொண்டது. வாயில் ஒன்றாயினும் மொழி வேறு.

"எண் எண்தானே, எந்தக் கம்பியில் போனால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. விலையுயர்ந்த கம்பியினால் குரல் இனிமையாகும் என்பது வீண் பேச்சு. எண் சரியாகச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஆனால் சேராமலும் போகலாம் அன்றோ! மைக் கம்பியும் ஏ.இ.எஸ். 3 கம்பியும் புறத்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். நான்கடி தூரத்திற்கு மைக் கம்பியும் குறையின்றி வேலை செய்யும். தூரம் கூடினால், குளத்து அலை படிக்கட்டில் மோதித் திரும்புவதுபோல மின்னலையும் கம்பியின் முனையில் மோதித் திரும்பும். பின்வரும் அலையோடு கலந்து குழப்பும்.

இதனினும் பெரிய இடர் காலத்தைப் பற்றியது. பெறுகின்ற கருவிக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. 'உள்' என்னும் நிலையில் அதை வைத்துவிட்டால், கம்பியில் வரும் துடிப்பை மதியாமல் தன் கடிகாரத்தையே அது பின்பற்றும். இரண்டு கடிகாரங்களுக்குமிடையே பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு என வைத்துக்கொள்வோம். அற்பம் என்றே தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 1,728 அளவுகள் மிகும், அல்லது குறையும். அவ்வாறு தவறும் இடங்களில் 'டிக்' என்றொரு வெட்டொலி புகலாம். கச்சேரியில் பாடகர் ஒரு தாளமும் மிருதங்கக்காரர் வேறொரு தாளமும் போட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். கருவிகள் பல உள்ள கூடங்களில் ஒரே கடிகாரத்தைத் தலைமையாக்கி, பி.என்.சி. என்னும் சிறு வட்ட இணைப்பின் வழியே அதன் துடிப்பை எல்லாவற்றிற்கும் அளிப்பது இதற்காகவே.

பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லலாம்; அதனால் இதற்கு இத்தனை கவலை எதற்கு என்று தோன்றக்கூடும். திரும்பப் பாட இயலாதவர்களின் குரல்களும் இருக்கின்றனவே! உலகெங்கும் ஆவணக் காப்பகங்களில் காந்த நாடாக்களும் அலுமினியத் தட்டின்மேல் அரக்குப் பூசிய பதிவுகளும் இருக்கின்றன. சில நாடாக்களில் காந்தப் பொடியைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது; ஓட்டும்போது பொடி கருவியோடு ஒட்டிக்கொண்டு உதிர்கிறது. அரக்குப் பூச்சு சுருங்கி, செதில் செதிலாகத் தட்டைவிட்டுப் பெயர்கிறது. இத்தகையவற்றுள் சில ஒரே முறைதான் பேசும். அந்த ஒரு முறையில் மாற்றிக்கும் பதிவுக் கருவிக்குமிடையே கடிகாரம் பிணங்கியிருந்தால், வெட்டொலி பிரதியிலேயே தங்கிவிடும். பின்னர் மென்பொருள் கொண்டு அதை மறைக்கலாம். தவறிய எண்ணை மீட்க முடியாது. மூலமோ அதற்குள் பொடியாகிவிட்டிருக்கும்.

ஆகவே நாடாவைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வினாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒரே சீரான ஒலியை மாற்றிக்குள் செலுத்தி, மறுமுனையில் பத்து நிமிஷமேனும் பதிவு செய்ய வேண்டும். அவ்வொலியின் ஓர் அதிர்வுக்குச் சரியாக 48 அளவுகள். அவற்றுள் ஒன்று தவறினாலும் சீர் குலைவது பழகிய காதுக்குத் தெரியும். பதிவு முழுவதையும் பொறுமையாக அமர்ந்து கேட்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஓரிடத்தில் 'டிக்' என்று கேட்டாலும் எழுந்து கருவியின் பின்புறத்திற்குப் போக வேண்டும்; எந்தக் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது, எந்தக் கடிகாரம் தலைமை என்று பார்த்துத் திருத்த வேண்டும். ஒலி இடையறாது வந்த பிறகு நாடாவை ஏற்றலாம்.