படங்கள் உண்மை, கணக்கு பொய்

வார இதழ் ஒன்று கைக்கு வந்தால் நம் கண் முதலில் போவது படங்களின் மேல்தான். கட்டுரையைப் பாதியில் விட்டாலும், பார்த்த முகம் மனத்தில் தங்கிவிடுகிறது. அதனால் எந்த முகத்தைக் காட்டுகிறார்கள் என்பது முக்கியம். அமெரிக்க ஊடகங்கள் கறுப்பின மக்களைச் சித்திரித்த விதம் பற்றிய பேச்சு, பெரும்பாலும் 1915இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படத்தில் தொடங்கும். கறுப்பினத்தவரைக் கொடியவர்களாகவும் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை வீரர்களாகவும் காட்டிய படம் அது. அந்த வெறுப்பு வெளிப்படையானது. அடையாளம் காண்பது எளிது. மனத்தில் வெறுப்பில்லாதவர்கள், ஒரு வரிகூடப் பொய் எழுதாதவர்கள் நடத்தும் செய்தி இதழிலும் அநீதி நடக்கும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

மார்ட்டின் கிலென்ஸ் என்ற அரசியல் அறிஞர், 1988 முதல் 1992 வரை டைம், நியூஸ்வீக், யு.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்டு ரிப்போர்ட் ஆகிய இதழ்களில் வந்த வறுமை பற்றிய கட்டுரைகளை எடுத்து, படங்களில் இருந்த ஏழைகளை எண்ணிப் பார்த்தார். நூற்றுக்கு 62 பேர் கறுப்பினத்தவர். நாட்டின் உண்மையான ஏழைகளிலோ அவர்கள் நூற்றுக்கு 29 பேர்தான். இதைவிட வேதனையானது ஒன்றுண்டு, நேயர்களே. முதியவர்கள், உழைத்தும் வறுமை தீராதவர்கள் என்று படிப்பவரின் இரக்கத்தைப் பெறும் ஏழைகளைக் காட்டும்போது கறுப்பு முகங்கள் குறைந்துவிட்டன. நலத்திட்ட உதவி பெறுவோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்று நம்பிய வெள்ளையர்களே அத்திட்டங்களை அதிகம் எதிர்த்தார்கள் என்பதையும் கிலென்ஸ் காட்டினார். அந்த உதவி குறைந்தால், படத்தில் இடம்பெறாத வெள்ளை ஏழையின் அடுப்பும்தான் அணையும்.

‘படத்தில் இருப்பவர் உண்மையிலேயே ஏழைதானே, இதில் பொய் எங்கே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உண்மையான படங்களை மட்டுமே அடுக்கி, இல்லாத ஒரு நாட்டைக் காட்டிவிட முடியும். ஒரு படம் தவறென்றால் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடலாம். விகிதம் தவறென்றால் எந்தப் படத்துக்குத் திருத்தம் போடுவது? ‘மக்கள்தொகையில் சுமார் 12 விழுக்காடாக இருப்பவர்கள் ஏழைகளில் 29 விழுக்காடு என்றால், வறுமை அவர்களிடம் அதிகம் என்பது மெய்தானே?’ என்றும் கேட்கலாம். மெய்தான். ஆனால் அந்த மிகுதி 29 என்ற எண்ணிலேயே அடங்கிவிட்டது. அதற்கும் மேலே 62 வரை ஏறியது இதழாசிரியரின் மேசையில் நடந்த தேர்வு.

இப்படிப் பழகிய மனம், காட்டாததையும் காணத் தொடங்கும். பிராங்க்ளின் கில்லியம், ஷாந்தோ ஐயங்கார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேக நபரின் முகமே இல்லாத குற்றச் செய்தி ஒன்றைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அது கறுப்பு முகம் என்றார்கள்.

இதை எப்படி மாற்றுவது? செய்தியறைகளில் கறுப்பினச் செய்தியாளர்கள் மிகக் குறைவு, அவர்களைச் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசு அமைத்த கெர்னர் ஆணையம் 1968இலேயே சொன்னது. செய்தியறைகளில் சிறுபான்மையினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கை 2000க்குள் எட்ட வேண்டும் என்று 1978இல் பத்திரிகை ஆசிரியர்கள் வைத்த இலக்கும் நிறைவேறவில்லை. ஆட்களைச் சேர்ப்பதோடு, வெளியிட்ட படங்களை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் வழக்கமும் வர வேண்டும். கிலென்ஸ் எண்ணிக் காட்டியதை, இத்தனை பேர் வேலை செய்யும் பத்திரிகை அலுவலகங்களால் செய்ய முடியும். செய்வார்கள் என்று நம்புகிறேன்.