பேஸ்மேக்கருக்கு பாஸ்வேர்ட் போட்டா போதுமா?

 

போன எபிசோட்ல போன் லாக் பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு. அதை ஹேக் பண்ண முடியுமா?" சில மாடல்கள்ல முடியும்னு ஆய்வகத்துல காட்டியிருக்காங்க. ஆனா "அப்போ அதுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட வேண்டியதுதானே?"ன்னு கேட்டா, அங்கதான் விஷயமே ஆரம்பிக்குது.

முதல்ல 2008. ஐசிடின்னு ஒரு கருவி இருக்கு. இதயத் துடிப்பு தாறுமாறா போனா, உள்ளே இருந்தே ஷாக் கொடுத்து சரி பண்ணும். மார்புத் தோலுக்கு அடியில வைப்பாங்க. டாக்டர் ரேடியோ சிக்னல் வழியா அதோட செட்டிங்ஸை மாத்துவார். கெவின் ஃபூ, டடயோஷி கோனோ மாதிரியான கம்ப்யூட்டர் ஆய்வாளர்களும் வில்லியம் மைசல்ங்கிற இதய மருத்துவரும் சேர்ந்த ஒரு அமெரிக்கக் குழு, ஒரு ஐசிடியை மேஜை மேல வச்சு, சாஃப்ட்வேர் ரேடியோ மூலமா அதுகூடப் பேசிப் பார்த்தாங்க. நோயாளியோட பேர், பிறந்த தேதி எல்லாம் என்கிரிப்ஷனே இல்லாம வெளியே வந்துச்சு. சிகிச்சையை ஆஃப் பண்ண முடிஞ்சது. ஷாக் கொடுக்கச் சொல்லி உத்தரவு அனுப்பவும் முடிஞ்சது. ஆனா இதெல்லாம் சில சென்டிமீட்டர் தூரத்துல இருந்து செஞ்சது.

சரி, பாஸ்வேர்ட் போட்டுடலாம். இப்போ அப்பா வெளியூர் போன இடத்துல மயங்கி விழுறார்னு வச்சுக்கோங்க. அவரைப் பார்க்கிறது அவருக்கு முன்பின் தெரியாத ஒரு டாக்டர். அவர் அந்தக் கருவியை உடனே திறந்து பார்க்கணும். பாஸ்வேர்டை யார்கிட்ட கேட்பார்? பேங்க் ஆப்ல மூணு தடவை தப்பா அடிச்சா லாக் ஆகிடும், அது நமக்குப் பாதுகாப்பு. இங்கே லாக் ஆனா உயிருக்கே ஆபத்து. பேட்டரி பிரச்சினை வேற. அது தீர்ந்தா சார்ஜர் சொருக முடியாது, ஆபரேஷன்தான். என்கிரிப்ஷன் கணக்கு ஒவ்வொண்ணும் அந்தப் பேட்டரியைத்தான் தின்னும்.

இந்தச் சிக்கலுக்கு 2011-ல வந்த ஒரு பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எம்ஐடியில அப்போ பிஎச்டி பண்ணிட்டு இருந்த, நம்ம ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச ஷ்யாம்நாத் கொல்லகோட்டாவும் அவரோட குழுவும் 'ஷீல்ட்'னு ஒரு ஆய்வு மாதிரியை உருவாக்கினாங்க. தாயத்து மாதிரி உடம்புக்கு வெளியே மாட்டிக்கலாம்ங்கிறதுதான் யோசனை. உள்ளே இருக்கிற கருவி பேசும்போது ஷீல்ட் அதே அலைவரிசையில இரைச்சலைக் கிளப்பும். அந்த இரைச்சல் அதுவே போட்டது, அதனால அதைக் கழிச்சுட்டு கருவி பேசுறதை மட்டும் அதால கேட்க முடியும். மத்தவங்களுக்கு வெறும் இரைச்சல்தான். அனுமதி இல்லாத உத்தரவு வந்தா, கருவிக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அதையும் கெடுத்துடும். அவசரம்னா? தாயத்தைக் கழட்டி வச்சாப் போதும், எந்த டாக்டர் வேணும்னாலும் உள்ளே போகலாம். ஏற்கனவே உடம்புல இருக்கிற கருவியைத் தொடவே வேண்டாம். பூட்டு எங்க இருக்கணும்னு யோசிச்சதுதான் இதுல பெரிய விஷயம்.

அடுத்தது 2017. அமெரிக்காவுல சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு ஒரு செக்யூரிட்டி அப்டேட் வந்துச்சு. அபாட் கம்பெனி வாங்கின செயின்ட் ஜூட் மெடிக்கலோட கருவிகள். வீட்டுல இருந்தே பண்ண முடியாது, கிளினிக்குக்கு நேர்ல போகணும். சுமார் 3 நிமிஷம். அந்த நேரத்துல கருவி பேக்கப் மோடுல நிமிஷத்துக்கு 67 துடிப்புன்னு ஓடிக்கிட்டு இருக்கும். பழைய அனுபவத்தை வச்சுப் பார்த்தா, அப்டேட்ல கருவி மொத்தமா செயலிழக்கிற வாய்ப்பு 0.003%.

என் வேலையில 0.003% எரர்னா டாஷ்போர்டுல யார் கண்ணுக்கும் படாது. ரோல்பேக் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். இங்கே அதைப் பெருக்கிப் பாருங்க: எல்லாரும் அப்டேட் பண்ணினா ஏறக்குறைய 14 பேர். இன்னொரு பக்கம், அந்த ஓட்டையால ஒருத்தர் பாதிக்கப்பட்டதாகக்கூட அப்போ தகவல் இல்லை. அதனால எஃப்டிஏ எல்லாரையும் ஓடி வரச் சொல்லல. அடுத்த வழக்கமான செக்கப்ல டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு பண்ணட்டும்னு சொல்லிச்சு. பேஸ்மேக்கரையே முழுசா நம்பித் துடிக்கிற இதயம்னா, தற்காலிக பேஸிங் வசதி இருக்கிற இடத்துல பண்றதைப் பத்தி யோசிக்கச் சொல்லிச்சு.

இன்சுலின் பம்ப் கதை இன்னும் வினோதம். மெட்ரானிக்கோட சில பழைய பம்புகள்ல, வெளியே இருந்து ரேடியோ வழியா உத்தரவு கொடுக்க முடியிற ஓட்டை இருந்துச்சு. டானா லூயிஸ் மாதிரியான நோயாளிகள் அதையே பயன்படுத்திக்கிட்டாங்க. சர்க்கரை அளவு காட்டுற சென்சார், ஒரு குட்டி கம்ப்யூட்டர், அந்தப் பம்ப், மூணையும் இணைச்சு, ராத்திரி தூங்கும்போதும் இன்சுலின் தானா கூடிக் குறையிற மாதிரி செஞ்சு, 2015-ல ஓபன்ஏபிஎஸ்ங்கிற பேர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அதுக்காகவே பழைய பம்புகளைத் தேடிப் பிடிச்சவங்க இருந்தாங்க. 2019-ல அந்த மாதிரி பம்புகளைத் திரும்பப் பெறுறதா அறிவிப்பு வந்தது, ஏன்னா அதோட சாஃப்ட்வேரை அப்டேட் பண்ண வழியே இல்லை. திருடன் நுழையக்கூடிய அதே ஜன்னல் வழியாத்தான் இவங்களுக்குக் காத்தும் வந்துச்சு.

இந்த இழுபறி இப்போ நம்ம பாக்கெட்டுக்கே வந்துடுச்சு. சர்க்கரை குறைஞ்சா அலாரம் அடிக்கிறது இன்னிக்கு பலருக்கு அவங்க போன்தான். செக்யூரிட்டி ஆளுங்க நாங்க எப்பவும் சொல்ற அட்வைஸ், "ஆட்டோ அப்டேட்டை ஆன்ல வைங்க". ஆனா 2025 பிப்ரவரியில எஃப்டிஏ, இந்த மாதிரி ஆப் பயன்படுத்துறவங்ககிட்ட போனோட ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணச் சொல்லிச்சு. புது ஓஎஸ்ஸோட ஆப் ஒத்துப்போகும்னு தெரிஞ்ச பிறகு அப்டேட் பண்ணுங்க, புதுசா ஹெட்போன் இணைச்சா அலாரம் கேட்குதான்னு பாருங்கன்னு. சில பேருக்கு அந்த அலாரம் அடிக்காமப் போனதுதான் காரணம். ரெண்டு அட்வைஸும் சரிதான். யாருக்குச் சொல்றோம்ங்கிறதுதான் வேற.

அதனால அந்தக் கேள்வியை அனுப்பினவங்களுக்கு: பயப்படாதீங்க. அடுத்த செக்கப்புக்கு அப்பாகூட நீங்களும் போங்க. மாடல் என்ன, அப்டேட் ஏதாவது பாக்கி இருக்கா, பண்ணினா என்ன ரிஸ்க், பண்ணலைன்னா என்ன ரிஸ்க்னு கேளுங்க. கருவியோட அடையாள அட்டை எப்பவும் அவர் பர்ஸ்ல இருக்கட்டும், இன்னொரு போட்டோ உங்க போன்ல இருக்கட்டும். முடிவு எடுக்கும்போது அப்பாவையும் கேளுங்க, இதயம் அவரோடது.

வீட்டுல யாராவது இப்படி ஒரு கருவியோட வாழ்றாங்கன்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.