திருத்திய நிலம் யாருக்கு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இயல், இசை, நாடகம் பற்றிப் பேசுவதே வழக்கம். நானோ மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழுக்கு அது புறம்பான பொருளன்று. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என வகுத்தபோது, அங்கு வாழும் மக்களையும், அவர்தம் உணவையும் தொழிலையும் உடன் வைத்தே எண்ணினர். முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றினால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நிலம் கெடவும் கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கெட்ட நிலத்தை நாம் எதன்பொருட்டுத் திருத்துகிறோம்? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

பாலை நிலத்தைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் கோலார் தங்கவயலில், காலனி வீடுகளின் பின்னே உயர்ந்து நிற்கும் சயனைடு மேடுகளைப் பாருங்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே பெருமளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நம் பாட்டன்மார் வந்து பூமிக்குள் இறங்கினர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்று, ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வெளிக்கொணர்ந்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் ஊர் ஊராகச் சென்றுவிட்டது. மணல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

தாதுவை மாவுபோல் அரைத்து, சயனைடுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் எஞ்சிய மணல் அது. அதன் அளவு சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன். சயனைடு வெயிலாலும் காற்றாலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் தாதுவோடு வந்த ஆர்சனிக் போன்ற தனிமங்கள் அவ்வாறு சிதைவதில்லை. மணலின் நுண்டூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைப் பாழாக்க வல்லது. சிலிகோசிஸ் என்னும் நோயின் பெயரைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இம்மேடுகளில் இன்னும் தங்கம் எஞ்சியிருக்கிறது. 13 மேடுகள் அமைந்த சுமார் 1,003 ஏக்கரில் அதனை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. வேலை வருமா என்று இளைஞர்கள் கேட்கின்றனர். அது நியாயமான கேள்வியே. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆயினும் இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு டன் மணலில் தங்கம் கிராம் கணக்கில்தான் கிடைக்கும். எடுத்த பின்னும் மணலின் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த மணல் எங்கே செல்லும்? காலியான நிலம் என்ன ஆகும்?

இதனை முன்னரே முடிவு செய்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நிலத்தை எந்த அளவு தூய்மை செய்வது என்பது, அது பின்னர் எதற்குப் பயன்படும் என்பதைப் பொறுத்ததே. குழந்தை மண்ணில் விளையாடும். அந்தக் கையையே வாயில் வைக்கும். கீரையின் வேர் மண்ணிலுள்ளதை உறிஞ்சும். கிணறு நிலத்தடி நீரை எடுக்கும். எனவே வீடும் பள்ளியும் தோட்டமும் அமையும் இடத்துக்கு மிகுந்த தூய்மை தேவை. காரைத் தளமிட்ட கிடங்குக்கு அவ்வளவு தேவையில்லை. பயனைத் தீர்மானியாமல் தொடங்கினால், ஒன்று பணம் வீணாகும். அன்றேல் நஞ்சின்மேல் வீடு எழும்.

அப்படி எழுந்ததும் உண்டு. அமெரிக்க நாட்டில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே லவ் கால்வாய் என்றோர் இடம். 1942 முதல் சுமார் பத்தாண்டுகள் ஓர் இரசாயன நிறுவனம் அங்கே ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டிக் களிமண்ணால் மூடியது. 1953-இல் ஒரே ஒரு டாலருக்கு அந்நிலம் பள்ளி வாரியத்துக்குக் கைமாறியது. கழிவு புதைந்திருப்பதைப் பத்திரமே கூறிற்று. ஆயினும் அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. மூடிய களிமண்ணைக் கட்டட வேலை குலைத்தது. மழைநீர் இறங்கி, நஞ்சு நிலவறைகளில் கசிந்தது. 1978-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு துறந்தன. பத்திரத்தில் எழுதிய எச்சரிக்கை மக்களின் காதுக்கு எட்டாததன் விலை அது.

அந்நாட்டிலேயே சியாட்டில் நகரில் வேறொரு காட்சி. 1956-இல் மூடப்பட்ட எரிவாயு ஆலையின் நிலம் தாரும் எண்ணெயும் ஊறிக் கிடந்தது. அது பூங்கா ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்தனர், அதற்கேற்பவே திருத்தினர். ரிச்சர்டு ஹாக் என்னும் வடிவமைப்பாளர், கழிவு நீர்ச் சேறும் மரத்தூளும் மண்ணிற் கலந்து, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைப் பெருகச் செய்தார். ஆலையின் கோபுரங்கள் நினைவுச் சின்னமாய் நின்றன. இயந்திரங்கள் வண்ணம் பூண்டு சிறுவர்க்கு விளையாட்டாயின. 1975-இல் பூங்கா திறக்கப்பட்டது. 1984-இல் ஐயம் எழவே, சில காலம் மூடிச் சோதித்து, மேலும் மண்ணிட்டு மூடினர். இன்றும் அதன் கரையில் ஏரியில் இறங்கத் தடையுண்டு. முடிவு செய்ததோடு கடமை தீர்ந்துவிடவில்லை, காவலும் தொடர்கிறது.

அன்பர்களே, நாம் வேண்டுவது மூன்று. மேடுதோறும் மண்ணையும் அருகிலுள்ள கிணற்று நீரையும் சோதித்து, முடிவை நமக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும். தங்கம் எடுக்குமுன்பே, எந்த நிலம் குடியிருப்பு, எது தோப்பு, எது தொழிற்கூடம், எது என்றும் மூடியே இருக்க வேண்டியது என்று குடியிருப்போரைக் கலந்து வரைபடம் வகுக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நில ஆவணத்திலும், அவ்விடத்துப் பலகையிலும் நிலைக்க வேண்டும். பேரன் வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது, அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பாட்டன்மார் பூமிக்குள் இறங்கியபோது அவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை. இன்று நாம் படித்திருக்கிறோம்; சங்கமாய்க் கூடியிருக்கிறோம். கேட்கப்படும்வரை காத்திராமல், நாமே கூடி அந்த வரைபடத்தின் முதற்கோட்டை வரைவோமாக.